ஒழுங்கைக்குள் முட்டைக் கார்

டிசம்பர் 28, ஞாயிறு

அபாயா இரண்டு தைத்து முடித்தேன். மூன்றாவதற்குக் கையைப் பிழையாக வெட்டிவிட்டேன். "இத்தா இரிக்கிற மனிசிக்குத் தைக்கிறதும் ஓதுறதும்தான் வேல, அதுலயும் கவனமில்ல" என்று மகள் அஸ்பியா பகிடி பண்ணினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எட்டாம் மாதம். அவளுடைய மாப்பிள்ளை மிஹ்லார் பெப்ரவரியில்தான் கத்தாரிலிருந்து லீவில் வருகிறார்.

என் மனிசன் மௌத்தாகி ஆறு கிழமை. கணவரை இழந்தவள் இருக்கிற இத்தா, நாலு மாதமும் பத்து நாளும், முடிகிற வரை நான் வாசலைத் தாண்டக் கூடாது, பிற ஆண்கள் முன்னால் வரக் கூடாது. ஒழுங்கை என்றால் எனக்கு இப்போது தகரக் கேற்றின் அடியில் இருக்கிற ஒரு சாண் வெளிதான். கால்களைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா வலது காலை இழுத்து வைப்பா. அவ மகன் இன்ஷாபுக்கு ஓட்டோவிலிருந்து இறங்கினால் செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

இன்று பின்னேரம் அஸருக்குப் பிறகு அந்த வெளியில் இரண்டு சின்னச் சில்லுகள் வந்து நின்றன. ஓட்டோச் சில்லு இல்லை. வந்த சத்தமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயின.

முட்டை. எங்கள் வாசலில்.

டிசம்பர் 29, திங்கள்

நித்திரை இல்லை. எழுதினாலாவது நெஞ்சு கொஞ்சம் இறங்குமா பார்ப்போம்.

முட்டை என்பது பொலிசின் புதுக் கார். பெயர் வைத்தது ஊர்ப் பிள்ளைகள். வெள்ளை நிறம், பக்கத்தில் நீலக் கோடு, தலையில் சின்னதாக ஒரு பல்பு. ஒழுங்கைகளுக்குள் ஜீப் போக முடியவில்லை என்று எங்கிருந்தோ அனுப்பினார்களாம். பற்றரியில் ஓடுகிறது. வந்த அன்று ஊரே கூடி நின்று சிரித்ததாம். அதில் வருகிற சார்ஜன் கதிர்காமன் தம்பிலுவில் ஆள், நல்ல உடம்பு. அவர் காரை விட்டு இறங்குகிறாரா, காரைக் கழற்றுகிறாரா என்று தெரியாது என்று இன்ஷாப் சொன்னான்.

எனக்கு அன்றைக்கே சிரிப்பு வரவில்லை. ஜீப் என்றால் பெரிய ரோட்டில் திரும்பும்போதே கேட்கும். ஒளிக்கிறவன் ஒளிப்பான், ஓதுகிறவள் ஓதுவாள். சத்தமில்லாமல் வருகிற பொலிசுக்கு என்ன செய்வது?

2019இல் ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த பிறகு ஊரெல்லாம் சோதனை நடந்தபோது ஜீப் எங்கள் வாசல் வரைக்கும் வந்தது. "ஒரு வாக்குமூலம் மட்டும்தான், அரை மணியில கொண்டுவந்து விடுறம்" என்று அவரைக் கூப்பிட்டார்கள். சட்டை போட்டு வருகிறேன் என்றார், விடவில்லை. சாரத்தோடும் பெனியனோடும் ஏறிப் போனார். வந்தது பதினாலு மாதம் கழித்து. ஏன் பிடித்தார்கள் என்று அவருக்கும் சொல்லவில்லை. ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. சிங்களத்தில் எழுதிய கடதாசியில் வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைத்தாராம். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

வந்த அடுத்த மாதம் கம்பியும் சீமெந்தும் வாங்கி, ஒழுங்கை வாயில் நட்டநடுவே ஒரு கொங்கிறீற் தூண் நட்டார். மேசன் வேலை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. இடுப்பளவு உயரம். ஓட்டோ போகும், மீன்காரரின் சைக்கிள் போகும், ஜீப் போகாது. "மண் லொறி வந்து தண்ணிக் குழாய உடைக்கிது" என்று காரணம் சொன்னார். எங்கள் ஒழுங்கைக்கு மண் லொறி எந்தக் காலத்தில் வந்தது? ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. ஆயிஷா உம்மா சீமெந்து குழைக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தா.

அந்தத் தூணுக்கும் மதிலுக்கும் நடுவால் முட்டை வருகிறது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிவிட்டு வருகிறது.

ஜனவரி 2, வெள்ளி

இன்றும் வந்தது. ஜும்ஆ பாங்குக்குச் சற்று முந்தி.

மகன் அஸ்கி குளித்து, அத்தர் பூசி, பொத்தான் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். இருபது வயது. பசாரில் போன் திருத்துகிற கடையில் வேலை. கேற்றுக்குக் கீழே சில்லைக் கண்டதும் நான் அவன் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துவிட்டேன்.

"என்னும்மா?"

"இரி. இண்டைக்குப் போகாத."

ஜும்ஆவுக்குப் போகாதே என்று பெற்ற பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன். யா அல்லாஹ், நீ மன்னிக்க வேண்டும்.

எங்கள் நேரம் அவர்களுக்குத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை இந்த நேரத்தில் எந்த ஆணும் வீட்டுக்குள் அடைந்து கிடக்க மாட்டான் என்று தெரிந்துதான் வந்து நிற்கிறார்கள். கதவைத் தட்டவும் தேவையில்லை. பொறியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரி 3, சனி

வீடியோ. அந்த நாசமாய்ப் போன வீடியோதான்.

வாப்பா இருக்கும்போதே அஸ்கி எடுத்தது. கதிர்காமன் சார்ஜன் முட்டையிலிருந்து இறங்குகிறார். முதலில் வயிறு வருகிறது, பிறகு தொப்பி, பிறகு ஒரு கால். மற்றக் கால் கதவில் சிக்கிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் கோழி கொக்கரிக்கிற சத்தத்தைப் போட்டுவிட்டிருந்தான். ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டார்களாம்.

அதைப் பார்த்து அவர் சிரித்தார். அதுதான் என்னால் மறக்க முடியாது. சிறையால் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "இன்னொருக்காப் போடு மனே" என்றார். அதற்கு அடுத்த கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

இன்று அஸ்கியிடம் சண்டை பிடித்தேன். "அழிச்சிட்டன் உம்மா" என்கிறான். அழித்து என்ன? ஊரில் எல்லார் கைப்போனிலும் கிடக்கிறது. ஒன்றும் செய்யாத மனிதனுக்குப் பதினாலு மாதம். பொலிசைக் கோழி ஆக்கினவனுக்கு எவ்வளவு?

ஜனவரி 5, திங்கள்

இன்ஷாப் கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்: "மாமி, பள்ளிவாசல்ல கதிர்காமன் சார்ஜன் கேட்டவராம். இந்த ஊட்டு மகனிட்ட ஒரு வாக்குமூலம் எடுக்கோணுமாம்."

என் கையிலிருந்த கத்தரிக்கோல் விழுந்துவிட்டது. அதே சொல். அப்படியே அதே சொல்.

"என்னத்துக்காம்?"

"அது கேக்கல்ல மாமி. பொலிசிட்டப் போய் என்னத்துக்கு எண்டு கேக்கிறதா?"

அவனைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு நானும் கேட்கவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றும்போது தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாய் திறக்கவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

அஸ்கியை அனுப்பிவிட்டேன். வரிப்பத்தான்சேனையில் என் தம்பி முகம்மது தம்பியின் வயல் கதிர் வெளிவருகிற பருவத்தில் குடலையாக நிற்கிறது. யானைக் காவலுக்கு ஆள் தேவை என்று அவன் போன மாதமே கேட்டிருந்தான். விடியச் சுபஹ் தொழுத கையோடு இன்ஷாபின் ஓட்டோவில் பையோடு ஏற்றிவிட்டேன்.

போக மாட்டேன் என்று நின்றான். "அஸ்பியா ராத்தாக்கு ஒண்டெண்டா ஊட்ட ஆம்பிள யாரு இரிக்கா?" என்று கேட்டான். அவளுக்கு இன்னும் நாள் இருக்கிறது, நீ முதலில் போ என்று தள்ளிவிட்டேன். பிள்ளையைத் தள்ளித்தான் விட்டேன். முதுகில் கை வைத்து.

அங்கே யானை. இங்கே முட்டை. ஒன்றை எடுத்துக்கொள் என்று ஒரு தாய்க்கு இரண்டு நல்ல சாமான்.

ஜனவரி 9, வெள்ளி

மழை பிடித்துவிட்டது.

வந்தது. அதே நேரம். இன்று கதவு திறந்தது. இரண்டு பெரிய கறுப்புச் சப்பாத்து இறங்கிக் கேற்றை நோக்கி வந்தன. நான் நிலத்தில் இருந்தபடி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினேன், நடுவில் மறந்து போனது. எனக்கு! ஏழு வயதிலிருந்து ஓதுகிறேன்.

சப்பாத்து கேற்றுக்கு முன்னால் நின்றது. தட்டவில்லை. ஒரு செருமல் கேட்டது. கொஞ்ச நேரம் நின்று பின்னுக்குப் போனது. ஆயிஷா உம்மாவின் வாசலில் குரல்.

"பக்கத்து ஊட்டு மகன் எங்கயம்மா?"

"ஊர்ல இல்ல."

"எப்ப வருவார்?"

"அது அல்லாஹ்க்குத்தான் வெளிச்சம்."

அவ பொய் சொல்லாமல் சமாளித்தா. ஆனால் ஊரில் இல்லை என்றால் ஓடிவிட்டான் என்றுதானே எழுதுவார்கள்? நான்தான் அவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டேனா? இருந்தால் பிடிப்பார்கள், போனால் தேடுவார்கள். என்ன செய்யச் சொல்றீங்க என்னை? யாரிட்டக் கேக்கிற நான்? கேக்கிறதுக்கு இருந்த மனிசனும் போயிட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று சில்லு இல்லை. இல்லாததும் பயமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

முகம்மது தம்பி கோல் எடுத்தான். பக்கத்து வயலில் யானை இறங்கிக் காவல் குடிலைப் பிரித்துப் போட்டுவிட்டதாம். அந்தக் குடிலில் இருந்தவர் குதித்ததில் கை முறிவு. அஸ்கி பாதுகாப்பாக இருக்கிறான், பயப்படாதே ராத்தா என்றான். பயப்படாதே என்று சொல்லத்தானே இதையெல்லாம் சொல்கிறான், அவனுக்கு எப்போதும் இதே புத்தி.

அஸ்கியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"யானைக்கு வெடி போட்டாப் போயிரும் உம்மா. பொலிசுக்குத்தான் என்னத்தப் போடுற?" என்று சிரித்தான்.  எனக்குத் தெரியும், அவன் பொய்ச் சிரிப்பு வாப்பாவின் சிரிப்பு.

வா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஜனவரி 15, வியாழன்

விடாத மழை. ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணீர். அஸ்பியாவுக்கு இடுப்பு நோகிறதாம், படுத்திருக்கிறாள். நாளும் இல்லையே இன்னும். இன்று சார்ஜன் ஆட்களுக்குப் பொங்கல். நாளைக்காவது வர மாட்டார்கள்.

ஜனவரி 17, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன். ஆயிஷா உம்மா அங்கே நிற்கிறா.  நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

ஜும்ஆ நேரம். இன்ஷாப் ஓட்டோவோடு பள்ளிக்குப் போய்விட்டான். ஒழுங்கையில் ஒரு ஆண் இல்லை. குத்பா தொடங்கி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. குளியலறையிலிருந்து அஸ்பியா கத்தினாள். போய்ப் பார்த்தால் நிலமெல்லாம் தண்ணீர், அதில் இரத்தமும்.

அம்புலன்சுக்கு அடித்தேன். எடுத்த பெண்பிள்ளை இடம் கேட்டாள். சொன்னேன். "அந்தத் தூண் இருக்கிற ஒழுங்கையா?" என்றாள். வண்டி ஒழுங்கை வாய்க்குத்தான் வருமாம், நோயாளியை அங்கே கொண்டுவரச் சொன்னாள்.

கொண்டுவரட்டாம். யார் கொண்டுவருவது? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று அவரைக் கொண்டு போனது நாலு ஆண்கள், பிளாஸ்ரிக் கதிரையில் வைத்து. அவரே நட்ட தூணில் அந்தக் கதிரையின் கால் இடித்து, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கேற்றடியில் நின்று பார்த்தேன். அதைப் பற்றி எழுதுவதில்லை என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

ஆயிஷா உம்மா முழங்கால் நோவோடு ஓடி வந்தா. எங்கள் இரண்டு பேராலும் அஸ்பியாவை முற்றத்துக்குக் கூடக் கொண்டுவர முடியவில்லை. நான் கேற்றுக்கு ஓடினேன், யாராவது, யார் என்றாலும். கீழே பார்த்தால் தண்ணீருக்குள் இரண்டு சின்னச் சில்லு.

நின்றுவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், மகள் உள்ளே கத்துகிறாள், நான் கொழுக்கியில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். திறந்தால் அஸ்கி எங்கே என்று கேட்பார்கள். நான் சொல்லிவிடுவேன், அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் சொல்லிவிடுவேன். மகளைக் கொடுத்து மகனை வாங்குவதா, மகனைக் கொடுத்து மகளை வாங்குவதா?

துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக் கேற்றைத் திறந்தேன்.

"சேர்... புள்ளைக்கு... ரெத்தம் போகுது சேர்..."

கதிர்காமன் சார்ஜன் சட்டென்று முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டார். "தங்கச்சி, நான் உங்களப் பாக்கல்ல. பிள்ளயக் கொண்டு வாங்க. ஏலாட்டி நாங்க வந்து தூக்குறம், சொல்லுங்க" என்றார். அஸ்கியைக் கேட்கவில்லை.

தூக்கினார்கள், அவரும் டிரைவர்ப் பொடியனும். அவர் வீட்டுக்குள் வரும்போது சப்பாத்தைக் கழற்ற நின்றார். "விடுங்க சேர், வாங்க" என்று நான் கத்தினேன். பொலிசைப் பார்த்து வீட்டுக்குள் வா என்று கத்தினேன். அப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அஸ்பியாவைப் பின் ஆசனத்தில் மடக்கிப் படுக்க வைத்துத் தலையை என் மடியில் வைத்தேன். அவ்வளவுதான், முட்டை நிறைந்துவிட்டது. சார்ஜன் பழக்க தோசத்தில் முன்னால் ஏறிவிட்டார். அவருடைய ஆசனம் பின்னுக்கு வந்து அஸ்பியாவின் காலை நெரித்தது. "ஐயோ" என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமலே இறங்கினார். முதலில் வயிறு, பிறகு தொப்பி, பிறகு ஒரு கால். மற்றக் கால் கதவில் சிக்கியது. அந்த வீடியோவில் இருந்தபடியே, ஒன்றும் மாறவில்லை. ஆனால் மழைக்குள், எங்களுக்கு இடம் விட. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். ஓட முடியாத உடம்பு. தூணடியில் நின்று இரண்டு கண்ணாடியையும் மடக்கி, "வா, வா, கொஞ்சம் வலது, வா" என்று காட்டிக் காரைத் தாண்டவிட்டார். தூண் என் தோளோடு ஒட்டிப் போனது. தலைப்பகுதியில் சீமெந்து ஈரமாக இருக்கும்போது என் மனிசன் ஆணியால் கீறின தன் பெயர், ஜவுபர், மழையில் நனைந்துகொண்டிருந்தது. அம்புலன்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. டிரைவர் சிங்களப் பொடியன், "அம்மா பயம் வாணாம், பயம் வாணாம்" என்று தெரிந்த தமிழையெல்லாம் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் விட்டான்.

பெண்பிள்ளை. சின்னப் பிள்ளை, ஆனால் அழுகிறாள். அஸ்பியாவுக்கு இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டா.

பின்னேரம் சார்ஜன் வந்தார். வெராந்தாவில் சுவருக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாதபடி நின்றார். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டி நிலத்தில் ஓடி வந்தது.

"தாயும் பிள்ளயும் எப்பிடி?"

"அல்ஹம்துலில்லாஹ், சுகம் சேர்."

 போய்விடுவாரோ என்று இருந்தது. போகட்டும் என்றும் இருந்தது. பிறகு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ, கேட்டேன்.

"என்ட மகன என்னத்துக்குத் தேடுறீங்க?"

"அந்தத் தூண் தங்கச்சி" என்றார். "உள்ளுக்குப் போக ஏலாம ஒரு ஆள் மௌத்தாப் போனதெண்டு அம்புலன்ஸ் ஆக்கள் எழுதி அனுப்பியிருக்காங்க. அந்த ஊட்டு ஆம்பிளயிட்ட ஒரு வாக்குமூலம் எடுக்கோணும். பள்ளியில கேட்டன். இத்தா இருக்கிற ஊடு, ஆம்பிள இல்லாம போகாதீங்க எண்டாங்க. சரி, வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு எப்பிடியும் மகன் வெளிய வருவார்தானே எண்டு அந்த நேரமாப் பாத்து வந்து நிண்டன்."

 அவர் உள்ளே வராமல் நின்றது மரியாதைக்கு. அவர் நின்றதைக் கண்டு நான் மகனை அனுப்பினேன். மகன் இல்லாததால் அவர் திரும்பவும் வந்து நின்றார். எங்களுக்குள் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் யானைக்கு முன்னால் என் பிள்ளை போய் நின்றிருக்க மாட்டான்.

"நான் அந்த வீடியோவுக்கோ எண்டு..."

"அதுவா?" மூச்சு விட்டார். "என்ட மகள்தான் காட்டினா. கோவம் வந்ததுதான். பொய் சொல்ல மாட்டன். பிறகு இடுப்பு பெல்ற்ற ஒரு ஓட்டை உள்ளுக்கு எடுத்துக் கட்டினன்."

நான் சிரிக்கத் தொடங்கும்போதே அவர் சொன்னார்: "மகன வரச் சொல்லுங்க தங்கச்சி. ஒரு வாக்குமூலம்தான். அரை மணியில முடிஞ்சிரும்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்குத் தெரியாது. 

ஜனவரி 20, செவ்வாய்

அஸ்கி நேற்று வந்தான். கறுத்து மெலிந்து, ஆஸ்பத்திரியில் அஸ்பியாவின் பிள்ளையைத் தூக்கப் பயந்து விரலால் தொட்டுப் பார்த்தான்.

ஒழுங்கை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். இன்ஷாப் சொன்னது: "மண் லொறி எண்டு சொல்லு மச்சான். வாப்பாவும் அதத்தான் சொன்னவர்." நானும் அதையே சொன்னேன். கேற்றை மூடிவிட்டு வந்து திரும்பவும் சொன்னேன்.

காலையில் முட்டை வந்தது. புதுச் சட்டையைப் போட வைத்தேன், பெருநாளைக்கு என்று தைத்து வைத்தது. பொத்தான் எல்லாவற்றையும் நானே போட்டுவிட்டேன். "உம்மா, நான் சின்னப் புள்ளயா?" என்றான். சார்ஜனுக்குப் பக்கத்தில் இடமில்லாமல் பின்னால் மடங்கி ஏறினான்.

அரை மணி போனது. மிஷினில் உட்கார்ந்தேன், நூல் கோக்க முடியவில்லை. ஒரு மணி போனது. போனை எடுத்தால் வேலை செய்யவில்லை என்கிறது. நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லியாயிற்று. தொழுதேன், எத்தனை றக்அத் தொழுதேன் என்று தெரியவில்லை. ஐயோ மறுகா மறுகா எத்தின தரம்? ஒரு ஊட்டுல எத்தின பேர அனுப்புற? நானே சட்டையும் போட்டுக் குடுத்து அனுப்பினனே. அஸ்பியா ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்து அடித்துக் கேட்கிறாள், வந்தானா, வந்தானா.

காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை.

"தேத்தண்ணி இரிக்கா உம்மா?"

குசினி வாசலில் நிற்கிறான். கார் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவனைப் பிடித்துக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். பிறகு கட்டிப் பிடித்தேன்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"கரண்ட் போயிட்டு. முட்டைக்கு சார்ஜ் ஏறல்ல."

தேநீர் குடித்துவிட்டுச் சொன்னான். யார் நட்டது என்று கேட்டார்களாம். வாப்பா என்றானாம். ஏன் நட்டார் என்று கேட்டார்களாம்.

"மண் லொறி எண்டு சொன்னியா?"

"இல்ல உம்மா."

வெறும் கோப்பையைக் கீழே வைத்தான்.

"உங்கட ஜீப்புக்குப் பயந்து எண்டு சொன்னன்."

 அறையில் இருந்த மற்றப் பொலிஸ்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்தாராம். பிறகு கதிர்காமன் சார்ஜன் எழுதினாராம். தமிழில். எழுதி முடித்து வாசித்தும் காட்டினாராம். "பொலிஸ் ஜீப் உள்ளே வராமலிருப்பதற்காக எனது தகப்பனார் அதனை நாட்டினார்." சரியா தம்பி என்று கேட்டாராம். சரி என்று கையெழுத்து வைத்தானாம்.

அவனை யாரும் பிடித்து வைக்கவில்லை. ஒருவரும் அடிக்கவில்லை. ஆறு வருஷமாக இந்த ஒழுங்கையில் யாரும் வாயால் சொல்லாததை என் பிள்ளை போய்ப் பொலிசுக்கே சொல்லிவிட்டு வந்து தேத்தண்ணி கேட்கிறான்.

பெருமையா, பயமா? இரண்டும்தான். பயம்தான் கூட.

பெப்ரவரி 3, செவ்வாய்

அஸ்பியாவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மிஹ்லார் வருகிற கிழமை வருகிறார்.

இன்று தூணைப் பிடுங்கினார்கள். ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தார்களாம், முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாம் தரம் கயிறு அறுந்தது. உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோசம், மேசன் யார் என்று காட்டிவிட்டார். பிறகு சங்கிலி கொண்டுவந்து இழுத்தார்கள். விழுந்த அதிர்வு இங்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு ஜீப் திருப்புவதற்காக ஒழுங்கைக்குள் வந்தது. அந்தச் சத்தம். கேற்றின் அடியில் அந்தப் பெரிய சில்லு வந்து, எங்கள் வாசலில் ஒரு நிமிசம் நின்று உறுமியது. அஸ்பியா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.  பிறகு பின்னுக்கு எடுத்துத் திரும்பிப் போனது.

பெயர் எழுதின துண்டை அஸ்கி உடைத்து எடுத்து வந்தான். குழாயடியில் வைத்திருக்கிறான், தொழுகைக்கு ஒளு எடுக்க ஏறி நிற்கலாம் என்று. வாப்பாவின் பெயரில் கால் வைப்பதா என்று ஏசிப் பெயரைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் போட வைத்தேன்.

இனி அம்புலன்ஸ் உள்ளே வரும். ஜீப்பும் வரும். கதிர்காமன் சார்ஜன் நல்ல மனிசன். ஆனால் அவருக்கும் ஒரு நாள் இடமாற்றம் வரும்.

அஸ்கியின் அந்தப் புதுச் சட்டையைத் தோய்த்து, ஸ்திரி போட்டு, முன்கதவுக்குப் பக்கத்து ஆணியில் கொழுவினேன். வாசலில் யார் வந்து அவசரப்படுத்தினாலும் கை நீட்டினால் எடுக்கலாம்.

"இது என்னத்துக்கும்மா இஞ்ச?" என்று கேட்டான்.

"காயட்டும்" என்றேன்.